சீழ் பிடித்த குழாய்க்குப் பதில் மருந்தேறிய குழாய்

விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு அட்டைக்கடியும் ஈரத்தில் ஊறிய பாதப் புண்ணும் புதிதல்ல. நல்ல ரத்த ஓட்டமுள்ள காலில் அது ஆறிவிடும். பீடியாலோ சர்க்கரையாலோ தமனி அடைத்து, தொடையிடுக்கில் செயற்கை ரத்தக்குழாய் பொருத்திக்கொண்டவருக்கு அதே புண் வழியாகக் கிருமி குழாய்வரை ஏறக்கூடும். நூற்றில் சிலருக்கே இப்படி ஆகிறது. ஆனால், ஆகிவிட்டால் ஊசி மாத்திரையால் மட்டும் தீருவது அரிது. இத்தகைய குழாய்க்குப் பயன்படும் டேக்ரான் என்பது பாலியஸ்டர் நெசவு. அதற்குள் மருந்தைக் கொண்டுசேர்க்க உயிருள்ள நாளங்கள் இல்லை. கிருமிகளோ நூலிழைகளில் பிசுபிசுப்பான படலம் போர்த்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருக்கும். ஆகவே பழைய குழாயை எடுத்தாக வேண்டும். எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் கால் அழுகிப்போகலாம்.

அங்கேயே வைக்கும் புதுக்குழாய்க்கு மருந்தூட்டும் வழி இந்த இக்கட்டில்தான் பிறந்தது. சில குழாய்கள் வெள்ளி பூசியே வருகின்றன. இன்னொரு வகையில், நெசவின் துளைகளை அடைக்கும் ஜெலட்டின் பூச்சு ரிஃபாம்பிசின் கரைசலில் ஊறவைக்கப்படுகிறது. ஜெலட்டின் மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுகிறது. காசநோயாளிகளின் சிறுநீரைச் சிவக்கவைக்கும் அதே மருந்துதான். அதன் காவல் சில நாட்களே. எனவே இந்தப் பூச்சைச் சிகிச்சை என்பதைவிட அவகாசம் என்பதே சரி என்று நினைக்கிறேன். சீழையும் செத்த தசையையும் வழித்தெடுக்கும் கத்தியும், பிறகு வாரக்கணக்கில் தொடரும் மருந்தும்தான் நோயைத் தீர்க்கின்றன.

ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிவிடாதா? நியாயமான கேள்வி. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் கூட்டுமருந்து முறைகளை ஆராய்ந்ததும் அந்த அபாயத்தை மனத்தில் வைத்துத்தான். குழாயைச் சுற்றி மருந்தின் செறிவு மிக அதிகம் என்பது பாதிப் பதில். உடன் வேறு மருந்துகளும் தரப்பட வேண்டும் என்பது மீதி. சிலவகைக் குடல் கிருமிகளிடம் ரிஃபாம்பிசின் எடுபடுவதும் குறைவு. அப்படியானால் நோயாளியின் சொந்தத் தொடைச் சிரையே மேலல்லவா? ஆம், ஐரோப்பிய ரத்தநாள அறுவை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டியும் அதற்கே முன்னுரிமை தருகிறது. ஆனால் சிரையைப் பிரித்தெடுக்க நேரம் பிடிக்கும். ரத்தம் பீறிடும் நோயாளிக்கு அந்த நேரம் கிடைக்காது. மருந்தேறிய குழாய் அவருக்கானது. அவரும் மலையேறிப் போன பிறகு, தழும்பில் துளி நீர் கசிந்தால் களிம்பு தடவிக் காத்திராமல் தேனிக்கோ மதுரைக்கோ இறங்கி வர வேண்டியிருக்கும்.