அச்சமும் புதிரும் மெய்யுலகும்: கணினி விளையாட்டின் ஒரு வகையும் சிங்கப்பூர்த் தமிழ்ச் சூழலும்

முன்னுரை

விளையாட்டிற்கு எல்லை உண்டு. தரையில் கட்டம் கீறிப் பாண்டியாடும் சிறுமி, கட்டத்தைவிட்டு வெளியேறியதும் ஆட்டத்தைவிட்டும் வெளியேறிவிடுகிறாள். கூத்தில் இரணியனைக் கண்டு நடுங்கிய சிறுவன், விடிந்ததும் வேடம் கலைத்தவரோடு அமர்ந்து தேநீர் அருந்துகிறான். இவ்வெல்லையை வேண்டுமென்றே அழிக்கும் கணினி விளையாட்டுகள் கடந்த கால் நூற்றாண்டில் தோன்றியுள்ளன. அவை அச்சுறுத்துகின்றன, புதிர் போடுகின்றன, அச்சத்தையும் புதிரையும் திரையிலிருந்து வெளியே எடுத்து ஆடுவோர் வாழும் உலகத்தில் வைக்கின்றன. இவற்றைத் தமிழ் மரபின் துணைகொண்டு எங்ஙனம் விளங்கிக்கொள்வது, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் போன்ற ஓர் இடத்தில் இவை எழுப்பும் வினாக்கள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பண்ணையும் அச்சமும்

தொல்காப்பிய உரியியல் 'பண்ணை' என்னும் சொல்லுக்கு விளையாட்டு எனப் பொருள் உரைக்கிறது. மெய்ப்பாட்டியலும் இதே சொல்லைக்கொண்டே தொடங்குகிறது. விளையாட்டின்கண் தோன்றும் உணர்வுகளைக் கணக்கிட்டுக்கொண்டே எட்டு மெய்ப்பாடுகளுக்கு ஆசிரியர் வருகிறார் என்பது நம் கவனத்திற்குரியது. அவ்வெட்டனுள் ஒன்று அச்சம். அது பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. சுவைக்கப்படும் பொருள், அதனை உணரும் பொறியுணர்வு, உள்ளத்தில் படும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என ஒவ்வொன்றனையும் உரையாசிரியர் நான்காகப் பகுத்துக் காண்பர்.

புதிருக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. விடுகதையைப் 'பிசி' என்று பெயரிட்டுச் செய்யுளியல் இருவகைப்படுத்துகிறது. ஆயினும் அச்சமும் பிசியும் ஒன்றுகூடும் வடிவத்தை நாம் கதை மரபிலேயே தெளிவாகக் காண்கிறோம். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வேதாளத்தை விக்கிரமாதித்தன் தோளில் சுமக்கிறான். வேதாளம் கதை சொல்லி வினா எழுப்புகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடின் அரசனின் தலை சிதறும். வாய் திறந்தால் வேதாளம் மரத்திற்கே திரும்பிவிடும். கதை கேட்போரும் அரசனுக்கு முன்பாகவே விடையைத் தேடத் தொடங்கிவிடுவதால், வினா கதையின் எல்லையைக் கடந்து அவர்களையும் வந்தடைகிறது. நாம் ஆராயும் விளையாட்டுகளின் அடிப்படை உத்தியும் இதுவே.

திரையைக் கடந்த விளையாட்டு

1998இல் வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட்' என்னும் விளையாட்டில் ஒரு பகைவன், ஆடுபவரின் நினைவக அட்டையைப் படித்து, அவர் வேறு எவ்விளையாட்டுகளை ஆடியிருக்கிறார் எனச் சொல்லி வியப்பூட்டினான். 2002இல் வந்த 'எட்டர்னல் டார்க்னஸ்' ஒரு படி மேலே சென்றது. கதைத்தலைவரின் மனநிலை குலையக் குலைய, தொலைக்காட்சியின் ஒலி தானே குறைவது போலவும் சேமித்தவை அழிவது போலவும் அது பாசாங்கு செய்தது. அங்கே அஞ்சியவர் கதைமாந்தர் அல்லர், நாற்காலியில் அமர்ந்திருந்தவர்.

2001இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெஜஸ்டிக்' திரையையே விட்டுவிட்டது. தொலைபேசி அழைப்பு, தொலைநகல், மின்னஞ்சல் ஆகியவற்றின் வழியே சதிக்கதை ஒன்று ஆடுவோரைத் தேடி வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விளையாட்டு சிலகாலம் நிறுத்திவைக்கப்பட்டது. 2002இல் முற்றிலும் மூடப்பட்டது. மெய்யுலகின் அச்சம் மிகும்போது அவ்வுலகின் உடையை அணிந்த பொய்யச்சம் சுவையாக நில்லாது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

நம் வட்டாரத்துச் சான்றுகள்

இவ்வகையின் வளர்ச்சியில் தென்கிழக்காசியாவிற்கும் பங்குண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலப்பு மெய்மை ஆய்வகம் 2003, 2004ஆம் ஆண்டுகளில் 'ஹியூமன் பேக்மேன்' என்னும் விளையாட்டை உருவாக்கி வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தியது. பழைய பேக்மேன் ஆட்டத்தில் பேய்கள் திரைக்குள் துரத்தும். இங்கோ மனிதரே பேக்மேனாகவும் பேயாகவும் திறந்தவெளியில் நடந்தனர். முதுகுப்பையில் கணினியும் தலையில் காட்சிக் கருவியும் இருந்தன. இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அறிந்துகொண்ட அமைப்பு, மெய்யான பாதையின்மீது பொய்யான உணவுத் துணுக்குகளை வரைந்து காட்டியது. பேயாக ஆடுபவர் பேக்மேனின் தோளில் உள்ள உணர்கருவியைத் தொட்டால் பேக்மேன் விழுங்கப்பட்டதாகக் கணக்கு. தோளில் ஏறிய வேதாளத்தை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. ஆடியவர் யாவரும் தாம் ஆடுவதை அறிந்திருந்தனர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தோனேசியாவின் பண்டுங் நகரில் உருவாகி 2014இல் வந்த 'டிரெட் அவுட்', பள்ளி மாணவி ஒருத்தி கைப்பேசிப் படக்கருவியால் உள்நாட்டுப் பேய்களை எதிர்கொள்வதைக் காட்டியது. மலேசியாவின் கைகான் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட 'சிமுலாக்ரா' நம் ஆய்விற்கு மிக நெருக்கமானது. அதில் களமோ அரண்மனையோ இல்லை. அன்னா என்னும் பெண்ணின் தொலைந்துபோன கைப்பேசி நம் கைக்கு வருகிறது. நம் கைப்பேசித் திரையே அவள் கைப்பேசித் திரையாகிவிடுகிறது. அவளுடைய குறுஞ்செய்திகளைப் படித்தும் சிதைந்த படங்களையும் சொற்களையும் ஒன்றுசேர்த்தும் அவளுக்கு நேர்ந்ததை அறிய வேண்டும்.

தொல்காப்பியர் வகுத்த நான்கு களங்களுள் இங்கே எது உள்ளது? மேலோட்டத்தில் அணங்கு. ஆழ்ந்து நோக்கின் கள்வர். ஒருவரது அந்தரங்கம் முழுவதும் ஒரு கருவியில் இருப்பதையும், அது பிறர் கைக்குப் போகக்கூடியது என்பதையும் உணர்வதே இவ்விளையாட்டு தரும் மெய்யான நடுக்கம். கள்வர் நாமே என்பது அதனினும் பெரிய நடுக்கம்.

தேக்காவின் தெருக்கள்

இருப்பிடம் சார்ந்த விளையாட்டுகள் பெருவழக்கானது 'போக்கிமான் கோ' வாயிலாக. 2016 ஆகஸ்டில் அது சிங்கப்பூருக்கு வந்தபோது, ஹவ்காங் குடியிருப்புப் பகுதியொன்றில் இரவுதோறும் கூட்டம் திரண்டது நினைவிருக்கலாம். அது அச்ச விளையாட்டன்று. எனினும் வழிபாட்டிடங்களும் நினைவுச்சின்னங்களும் அங்கு வாழ்வோரைக் கேளாமலே ஆட்டப்புள்ளிகளாக மாறும் என்பதை அது உலகெங்கும் காட்டியது.

அச்சப்புதிர் விளையாட்டு ஒன்று சிராங்கூன் சாலையைக் களமாகக் கொண்டால் என்னாகும்? புதிருக்குப் பஞ்சமில்லை. எருமையே இல்லாத பஃபலோ சாலையும், மலாய் மொழியில் அதே விலங்கின் பெயரைத் தாங்கிய கெர்பாவ் சாலையும், குதிரை ஓடாத ரேஸ் கோர்ஸ் சாலையும் பிசிகளாகவே நிற்கின்றன. கால்நடை வணிகமும் பந்தயத் திடலும் அவற்றிற்கு விடைகள்.

அச்சமும் அங்கு உண்டு. ஆனால் அது வரலாற்றின் அச்சம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் குண்டு வீசியபோது மக்கள் வீரமாகாளியம்மன் கோயிலில் தஞ்சம் புகுந்தனர். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத்துக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2015இன் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அவ்வட்டாரம் கட்டுப்பாட்டு வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. ஞாயிறுதோறும் அங்கு கூடும் தொழிலாளர்க்கு அவ்விரவு கதையன்று. அணங்கை வைத்து விளையாட்டமைப்பவர், அதே தெருவில் இறை என்னும் நான்காம் களத்தின் அச்சத்தோடு நடப்பவர் இருக்கலாம் என்பதை மறக்கலாகாது. ஆடுபவருக்கு அரையிருளில் நிற்கும் அயலார் காட்சிப்பொருள். அந்த அயலாருக்கோ, தம்மைக் கைப்பேசியால் குறிவைக்கும் ஒருவர் விளங்காத அச்சுறுத்தல்.

விளையாட்டென்னும் வதந்தி

எல்லை அழிவதன் மறுமுனையைத் தமிழகம் 2017இல் கண்டது. 'நீலத்திமிங்கிலம்' என்னும் பெயரில், இளையோரை நாள்தோறும் கட்டளையிட்டு அழிவிற்கு இட்டுச்செல்லும் விளையாட்டு ஒன்று பரவுவதாக அச்சம் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளிகளில் எச்சரிக்கைகள் வாசிக்கப்பட்டன. ஆயின் நடுவணரசு அமைத்த குழு ஆராய்ந்த நிகழ்வுகள் எவற்றிலும் அவ்விளையாட்டின் தொடர்பை உறுதிப்படுத்த இயலவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. இளையோரின் துயரம் மெய். அதற்குச் சொல்லப்பட்ட காரணமோ நிறுவப்படவில்லை. புதிருக்கு எளிய விடையொன்று கிடைத்ததும் மெய்யான வினாவைக் கேட்க நாம் மறந்தோம். இதில் ஆசிரியராகிய நமக்கும் பொறுப்புண்டு.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இவ்விளையாட்டுகளை அறியாமலே தடுப்பதனால் பயனில்லை. மாணவர் இவற்றை நன்கறிவர்; நாமே அறியோம். மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும்போது, மாணவர் ஆடிய விளையாட்டு ஒன்றில் அச்சம் எக்களத்தில் பிறந்தது என்று கேட்கலாம். பொருள், உணர்வு, குறிப்பு, விறல் என்னும் நான்கையும் அவர்களே பிரித்துக் காட்டுவர். தேக்காவில் ஒரு முற்பகல் நடந்து, பெயர்ப்பலகைகளிலிருந்தும் கேம்பல் லேனில் 2015 முதல் இயங்கும் இந்திய மரபுடைமை நிலையத்திலிருந்தும் செய்தி திரட்டித் தமிழில் பிசிகளை இயற்றச் செய்யலாம். அங்கு வணிகம் செய்வோரிடமும் வேலை செய்வோரிடமும் இசைவு பெற்று உரையாடுவதும் அப்பயிற்சியின் பகுதியாக வேண்டும். தெரு என்பது களம் மட்டுமன்று, சிலருக்கு வாழிடம் என்பதனை மாணவர் அவ்வாறே அறிவர்.

முடிவுரை

அச்சம் சுவையாவதற்கு எல்லை வேண்டும். ஆடுபவர் தாம் ஆடுவதை அறிந்திருத்தல், வேண்டும்போது வெளியேற இயலுதல், களமாகும் இடத்தில் வாழ்வோரை மதித்தல் ஆகிய மூன்றும் அவ்வெல்லையின் கூறுகள் என நாம் கருதுகிறோம். இவை இருப்பின் மெய்யுலகோடு கலக்கும் விளையாட்டையும் பண்ணை எனலாம். இல்லையேல் அது வெறும் அச்சுறுத்தலே.

வேதாளக் கதையின் முடிவும் இதனையே உணர்த்துகிறது. அரசனை அச்சுறுத்திப் புதிர் போட்ட வேதாளம் இறுதியில் அவன் உயிரைக் காக்கிறது. அவனைப் பலியிட நினைத்தவனோ அமைதியாகப் பழம் தந்து உதவி கேட்ட முனிவன். வேதாளம் தான் வேதாளம் என்பதை ஒருபோதும் மறைக்கவில்லை. மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டிய வேறுபாடு இதுவே.