எண்ணும் இசையும்

தாம்பரத்தில் என் வீட்டு மாடியறையில் மூவகை ஒலிகள் நாள்தோறும் கேட்கும். காலையில் மின்சார இரயிலின் ஒலி, பகலில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல், மாலையில் இசை. முதலிரண்டும் என்னைக் கேளாமலே வருவன. மூன்றாவதை நானே வருவித்துக்கொள்கிறேன். தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கருநாடக இசைப் பதிவுகளைக் கேட்பதே எனக்கு வாய்த்த பெரும்பேறு. அந்த இன்பத்தினிடையே நான் செய்த ஒரு பிழையையும், அதனைத் திருத்திக்கொண்ட வகையையும் மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் குரோம்பேட்டையில் வாழ்கிறார். இசையில் பெருவிருப்பம் உடையவர். ஒருநாள் அவர் இரு கருவிகளை என்னிடம் கொணர்ந்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது. விலை ஏழாயிரம் ரூபாய். மற்றொன்று கனத்த உலோகப் பேழையுள் அமைந்தது; விலை ஒன்றரை இலட்சம் ரூபாய். பின்னதைக் கடையில் முன்பணம் கட்டி, மூன்று நாள் கேட்டுப் பார்ப்பதற்காக வாங்கி வந்திருந்தார். இரண்டின் தொழிலும் ஒன்றே. எண்களாகச் சேமித்து வைக்கப்பட்ட இசையை மீண்டும் மின்னலையாக மாற்றித் தருவதே அத்தொழில். கடைக்காரர்கள் இக்கருவியை 'டேக்' என்பர். நாம் மாற்றி என்று அழைப்போம்.

"சார், நீங்கள் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் போதும், தவணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார் அவர்.

மாறி மாறிக் கேட்டேன். தம்பூராவின் ரீங்காரம் விலையுயர்ந்த கருவியில் நெருங்கி வந்து நின்றது போல் இருந்தது. "ஐயமே இல்லை, இதுவே சிறந்தது" என்று தீர்ப்புக் கூறினேன். கருவிகளை என்னிடமே விட்டு, மகிழ்ச்சியோடு அவர் வீடு திரும்பினார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. 'அளந்து பார்த்துச் சொல்' என்று ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குக் கற்பித்த நான், இன்று எதனை அளந்தேன்? என் சொல்லை நம்பி ஒருவர் இரண்டாண்டுக் கடனைத் தலையில் ஏற்கப் போகிறாரே! விடிந்ததும் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கையெழுத்துப் போடாதே, நாளை வரை பொறு" என்றேன்.

இனி, அக்கருவி செய்யும் வேலையைக் காண்போம். காய்ச்சலுற்றவரின் உடல் வெப்பத்தைச் செவிலியர் குறித்த நேரங்களில் அளந்து வரைதாளில் புள்ளியிடுவார்; பின்னர் புள்ளிகளை இணைத்து வளைகோடு வரைவர். இசைப்பதிவும் அத்தகையதே. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில், ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்பட்டு எண்ணாகக் குறிக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் 16 இரும இலக்கங்கள் கொண்டது. ஆகவே குறிக்கத்தக்க படிகள் இரண்டின் பதினாறாம் அடுக்கு; அதாவது 65,536.

புள்ளிகளுக்கு இடையே உள்ள இசை தொலைந்துவிடாதோ என்று நீங்கள் வினவலாம். தொலையாது. அலையின் அதிர்வெண் அளக்கும் வேகத்தில் பாதிக்குக் குறைவாக இருக்குமாயின், அப்புள்ளிகள் வழியே செல்லத்தக்க வளைகோடு ஒன்றே ஒன்றுதான் என்பது கணிதம் நிறுவிய உண்மை. நைக்விஸ்ட், ஷானன் என்னும் அறிஞர்களின் பெயரால் அது வழங்குகிறது. 44,100இல் பாதி 22,050. நல்ல செவியும் வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டதைக் கேளாது. ஆகவே மாற்றியிலிருந்து வெளிவருவது படிக்கட்டு அன்று. வடிகட்டப்பட்ட மென்மையான வளைகோடே.

மாற்றிகளுள் இரு பெரும் வகைகள் உண்டு. ஏணி வகையில் மின்தடைகள் வரிசையாக அமைந்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய மின்னழுத்தத்தைக் கூட்டித் தருகின்றன. இதில் முதலிலக்கத்திற்குரிய தடை மிக நுண்ணிய சரியளவு உடையதாதல் வேண்டும். சிறிது பிசகினும் கடையிலக்கங்கள் பொருளற்றுப் போகும். விலை உயர்வதற்கு இஃது ஒரு காரணம். டெல்டா-சிக்மா என்னும் மற்ற வகை, சில படிகளை மட்டும் கொண்டு வினாடிக்குப் பல இலட்சம் முறை மாறி மாறி இயங்கி, பிழையால் எழும் இரைச்சலைச் செவிக்கு எட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளிவிடுகிறது. இவ்வகைச் சில்லுகள் பெருந்தொகையாகச் செய்யப்படுவதால் மலிவாகக் கிடைக்கின்றன.

24 இலக்கக் கருவி என்று விளம்பரம் செய்வர். ஓர் இலக்கத்துக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் என்று கொண்டால், 16 இலக்கத்துக்கு 96 டெசிபெல், 24க்கு 144. ஆயினும் மின்தடைகளில் வெப்பத்தால் எழும் இரைச்சலே 21 இலக்கங்களுக்கு மேற்பட்டவற்றை விழுங்கிவிடும். மேலும், மின்விசிறி சுழலும் நம் அறையில் அமைதி ஏது?

மறுநாள் மாணவர் வந்தார். முதலில் 200 அதிர்வுள்ள ஒலியை ஓடவிட்டு, இரு கருவிகளின் மின்னழுத்தத்தையும் அளந்தோம். மலிவானது 2 வோல்ட்டு தந்தது, விலையுயர்ந்தது 2.5 வோல்ட்டு தந்தது. வேறுபாடு ஏறத்தாழ 2 டெசிபெல். ஒலி சற்றே மிகுந்தால், செவி அதனை மிகுதி என்று உணராது. தெளிவு என்றே உணரும். நான் வியந்த நெருக்கத்தின் மூலம் இதுவே!

கணினியில் ஒலியளவைக் குறைத்து, இரண்டையும் நூற்றிலொரு பங்குக்குள் சமமாக்கினோம். மாணவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து, காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்றும் தலை விழுந்தால் மற்றொன்றுமாக 16 முறை மாற்றினார். எந்தக் கருவி ஒலிக்கிறது என்று நான் எழுதி வந்தேன். பதினாறு விடைகளும் அமையக்கூடிய வழிகள் அதே 65,536. அவற்றுள் 12க்குக் குறையாமல் சரியாக அமைவன 2,517 மட்டுமே. அதாவது இருபத்தாறில் ஒன்று. ஆகவே 12 சரியானால் என் செவியை நம்பலாம் என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். எனக்குச் சரியானவை 9. பின்னர் அவர் கேட்டார், நான் மாற்றினேன். அவருக்கு 7. பதினான்கு வயதுப் பேத்தி கேட்ட 16,000 அதிர்வு ஒலி எனக்குச் சிறிதும் கேட்கவில்லை என்பதையும் அன்றே அறிந்தேன்.

உலகிலும் இத்தகைய சோதனைகள் நிகழ்ந்துள்ளன. 2007ஆம் ஆண்டில் மேயர், மொரான் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவு நேராகவும், குறுந்தகட்டுத் தரத்துக்கு மாற்றப்பட்டும் ஒலிக்கப்பட்டது. 554 சோதனைகளில் ஏறத்தாழப் பாதியே சரியாயின. 2016இல் ரைஸ் என்பவர் 18 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது 52.3 விழுக்காடு சரியாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது சற்று உயர்ந்தது. எனவே வேறுபாடு இல்லவே இல்லை என்று சாதிக்க வேண்டா. இருப்பினும் மிகச் சிறிது என்பதே நேர்மையான கூற்று. உறுதியான கட்டமைப்பு, பல இணைப்புகள், கடினமான செவிப்பொறிகளை இயக்கும் ஆற்றல் ஆகியவை விலையுயர்ந்த கருவிகளின் உண்மைப் பயன்கள். தேவையுள்ளவர் அவற்றுக்காக வாங்கலாம்.

நல்ல மாற்றியின் திரிபு பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஒலிபெருக்கியின் திரிபோ நூற்றில் ஒரு பங்கை எட்டுதல் அரிதன்று. ஆகையால் ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தினோம், சன்னலுக்குக் கனத்த திரையிட்டோம், மின்விசிறியை நிறுத்தினோம். பின்னர் அதே தம்பூராவைக் கேட்டோம். நரம்புக்கும் குதிரைக்கும் இடையே ஜீவாளி நூல் எழுப்பும் மேற்சுரங்களை 1921ஆம் ஆண்டிலேயே சர் சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். அந்த மேற்சுரங்கள் மலிவான கருவியின் வழியாகவே அன்று எங்கள் அறையை நிறைத்தன.

"தம்பி, நேற்று நான் கூறியது தவறு" என்றேன். "சார், வகுப்பில்கூட நீங்கள் இப்படிச் சொன்னதில்லையே" என்று அவர் சிரித்தார். அவர் சொன்னது உண்மையே. வகுப்பிலும் சில வேளைகளில் நான் அவ்வாறு சொல்லியிருக்க வேண்டும். மாலையில் கனத்த பேழையைத் திருப்பிக் கொடுத்து, முன்பணத்தைப் பெற்றுக்கொண்டார்.

மாணவர்களே, உங்கள் செவியை இகழ வேண்டா. ஆனால் அதனைச் சோதியாமல் நம்பவும் வேண்டா. பெரியவர் ஒருவர் உறுதியாக உரைக்கும்போது, "எப்படி அளந்தீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியை என் மாணவர் முதல்நாளே கேட்டிருந்தால், ஓரிரவு உறக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும்.