மின் மிதிவண்டியின் பின் சக்கரம்

இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேல முள்ளுக்குத் தப்பிய டயர் அரிது. பஞ்சர் ஒட்டுதல் நமக்குப் புதிதன்று. ஆயினும் மின் மிதிவண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். அவ்வண்டிகள் பலவற்றில் மோட்டார் பின் சக்கரத்தின் நடுவிலேயே அமைந்துள்ளது.

சாதாரணச் சைக்கிளில் அச்சு சக்கரத்தைத் தாங்குவதோடு சரி. இதிலோ, மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுகையில் அச்சைப் பின்னோக்கித் திருகுகிறது. அதைத் தடுப்பது, சட்டத்தின் பிளவில் பதியும் நாக்குடைய வாஷர். அச்சிறு தகடு விடுபட்டாலும், நட்டுகள் தளர்ந்தாலும், அச்சு புரண்டு கம்பிகள் அறும். ஓட்டுபவர் விழவும் நேரும்.

கழற்றுமுன் மின்சாரத்தை நிறுத்திப் பாட்டரியை எடுத்துவிடுக. மோட்டார்க் கம்பியின் இணைப்பைத் திருகாமல் நேராக இழுத்துப் பிரிக்கவும். இருபுறமும் வாஷர்கள் இருந்த வரிசையைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளல் நன்று.

பொருத்துங்கால் அவ்வரிசை மாறலாகாது. அச்சைப் பிளவின் அடிவரை அமர்த்தி, நட்டுகளை நன்கு இறுக்குக. பாம்பன், இராமேசுவரம் கரைகளின் உப்புக்காற்று இணைப்பு முனைகளில் களிம்பேற்றும். ஆதலின் அவற்றைத் துடைத்து, உலர்ந்தபின், குறிகள் நேர்ப்பட இணைக்கவும். கம்பி அச்சருகே கீழ்நோக்கி வளைந்திருப்பின் மழைநீர் மோட்டாருள் புகாமல் சொட்டிவிடும்.

பின்னர் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பிரேக்கைச் சோதித்து, சிறிது தூரம் மெதுவாக ஓட்டியபின் நட்டுகளை மறுமுறை இறுக்கிப் பார்க்கவும். அதன்பிறகே சுமை ஏற்றலாம்.