பழைய காமிராவைத் திறக்கலாமா?

உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா காலத்துக் காமிரா ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஷட்டர் அசைவதில்லை. அசைந்தாலும் பாதி திறந்தபடியே நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் கூலி காமிராவின் விலையையே தாண்டிவிடுமோ என்ற கவலை ஒரு புறம். நாமே கழற்றினால் திரும்பப் பூட்ட முடியுமோ என்ற அச்சம் மறு புறம். என்ன செய்யலாம்? செய்த வேலை சரிதானா என்று நீங்களே சோதித்துப் பார்க்க முடியுமானால் துணியுங்கள். முடியாதென்றால் நிபுணரிடம் விடுங்கள். என் அளவுகோல் இதுதான்.

பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 போன்ற எளிய காமிராவில் ஒரு லென்ஸ், சுருள்வில்லால் இயங்கும் ஒரு ஷட்டர், 120 பிலிமைச் சுற்றும் அமைப்பு, அவ்வளவே. கைபழக இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

பல வேகங்கள் கொண்ட காமிராவின் ஷட்டரோ வேறு ரகம். ஒரு வினாடி, அரை வினாடி என்னும் மெதுவான வேகங்களை அளந்து தருவது, கடிகாரத்தில் உள்ளதைப் போன்ற பல்சக்கர வரிசை. அதிலுள்ள எண்ணெய் ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசினாகத் தடித்துவிடும். அதனால்தான் மெதுவான வேகங்கள் முதலில் படுத்துக்கொள்கின்றன. உடனே தையல் இயந்திர எண்ணெயை இரண்டு சொட்டு விடத் தோன்றும். விடவே கூடாது! ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். எவ்வளவு இறுக ஒட்டிக்கொள்கின்றன! மெல்லிய ஷட்டர் தகடுகளுக்கிடையே எண்ணெய் புகுந்தாலும் இதே கதைதான். அத்தகடுகள் உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஷட்டரின் வேகத்தை எப்படிச் சோதிப்பது? வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைபேசி இருந்தால் போதும். பிலிம் இல்லாத காமிராவின் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஷட்டரைப் படம் பிடியுங்கள். 1/30 வினாடிக்கு 8 படங்களில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். 16 படங்களில் திறந்திருந்தால் பிலிமில் விழும் ஒளி இரு மடங்கு என்று பொருள். ஆனால் 1/500 வினாடி என்பது ஒரு படத்தின் நேரத்தைவிடக் குறைவு. கைபேசியால் அளக்க இயலாது. பழுது பார்ப்பவரிடம் அதற்கான அளவுகருவி உண்டு. அவருக்குக் கொடுக்கும் கூலியில் ஒரு பங்கு அக்கருவிக்குத்தான்.

லென்ஸிலும் இப்படியே. வெளிப்புறத் தூசியை ஊதி அகற்றுவது உங்கள் வேலை. குவியத்தை மாற்றும் மரையைக் கழற்றுவது அப்படியல்ல. அதில் பல மரைகள் இணையாக ஓடும். தவறான மரையில் ஏற்றிவிட்டால் தொலைவிலுள்ள மலை ஒருநாளும் தெளிவாக விழாது. உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் தாமதிக்காமல் நிபுணரிடம் காட்டுங்கள். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். பூஞ்சையைத் துடைக்கலாம், அரித்த தழும்பைத் துடைக்க முடியாது.

பின்கதவின் காடியில் உள்ள நுரைப்பஞ்சு பிசுபிசுத்து உதிர்ந்திருக்கிறதா? ஒளி கசிந்து பிலிம் கெடுவது இதனால்தான். பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலைக் காடியில் பதித்து ஒட்டுங்கள். துருத்தி வைத்த காமிராவானால், இருட்டறையில் அதற்குள் சிறு விளக்கைச் செலுத்திப் பாருங்கள். ஓட்டைகள் விண்மீன்களாக மின்னும்!

ஒன்றை மட்டும் தொடவே தொடாதீர்கள். பிளாஷ் உள்ளேயே பொருத்திய காமிராவில் ஒரு மின்தேக்கி இருக்கும். சிறு பாட்டரியின் மின்சாரம் அதில் ஏறக்குறைய 300 வோல்ட்டாக உயர்த்திச் சேமிக்கப்படுகிறது. பாட்டரியை எடுத்த பிறகும் அது நெடுநேரம் தங்கியிருக்கும்; விரல் பட்டால் கடுமையாக அதிரும். அதைத் திறப்பது நிபுணர் வேலை.

நிபுணரிடம் கொடுப்பதானால் முழுதாகக் கொடுங்கள். பாதி கழற்றி, திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனால் கூலி கூடலாம். வேண்டாமென்று அவர் திருப்பி அனுப்பினாலும் வியப்பில்லை.