கடின நீரும் உப்பு நீரும்: திசையன்விளை வட்டாரத்தை முன்வைத்து

சோப்புடன் எளிதில் நுரை தராத நீர் கடின நீர் எனப்படும். நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே இதற்குக் காரணம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கே, செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த திசையன்விளைப் பகுதியில் நுரை தராத நீரையும் கரிக்கும் நீரையும் பொதுவாக 'உப்புத் தண்ணி' என்றே சொல்வார்கள். உண்மையில் இவை இரண்டு வேறு குறைகள். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பயன்படாது. இதை அறியாமல் கருவி வாங்கினால் பணம்தான் வீணாகும்.

நீர் கடினமாவது எப்படி?

மழைநீர் மென்னீர். அது மண்ணில் இறங்கும்போது காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதை மெல்லக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக எடுத்துச் செல்கிறது.

இப்பகுதியின் நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதற்கு அருகிலுள்ள ஆயன்குளம் கிணறு சான்று. 2021-ஆம் ஆண்டு இறுதியில் பெய்த மழையில் வெள்ளநீர் பல நாட்கள் பாய்ந்தும் அக்கிணறு நிரம்பவில்லை. ஆய்வு செய்த சென்னை ஐஐடி குழுவினர், சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான நிலத்தடிக் குகை வழிகளில் நீர் சென்றுவிடுவதாக விளக்கினர். பாறையில் குகையை உண்டாக்கும் அதே வேதிவினைதான் நம் வீட்டு நீரையும் கடினமாக்குகிறது.

கரிப்புச் சுவைக்குக் காரணம் சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்பு. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகுந்து இவ்வுப்பு மிகும்.

இரண்டு வகைக் கடினத்தன்மை

பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகக் கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் இது நீங்கும். சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வருவது நிரந்தரக் கடினத்தன்மை. இது கொதிக்க வைத்தாலும் நீங்காது.

இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500:2012) குடிநீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மி.கி. என்ற அளவை ஏற்கிறது. மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி. வரை அனுமதிக்கிறது.

வீட்டில் ஏற்படும் விளைவுகள்

சோப்பு வீணாதல்: லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள 10 லிட்டர் வாளி நீரைக் கொள்வோம். அதில் மொத்தக் கடினத்தன்மை 3 கிராம். அதை முழுதும் வீழ்படிவாக்கச் சுமார் 18 கிராம் சோப்பு செலவாகும். அதன் பிறகே நுரை வரும். அந்த வெண்ணிறக் கழிவுதான் துணியில் மங்கலாகவும் தலைமுடியில் சிக்காகவும் நிற்கிறது.

சமையல்: கால்சியம் பருப்பின் தோலையும் திசுவையும் இறுகச் செய்வதால் பருப்பு எளிதில் மசியாது. எரிவாயு கூடுதலாகச் செலவாகும்.

படிவு: வாட்டர் ஹீட்டரின் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படிந்தால் வெப்பம் நீருக்குச் செல்வது தடைப்படும். மின்செலவு கூடும், நாளடைவில் கம்பி எரிந்தும் போகலாம். குழாய்த் துளைகளும் அடைபடும். இப்படிவை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு கரைக்கும்.

உடல்நலம்: கடினத்தன்மைக்கென உடல்நல அடிப்படையில் எந்த வரம்பையும் உலக நலவாழ்வு அமைப்பு விதிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே.

வீட்டிலேயே கண்டறிதல்

1. ஒரு புட்டியில் மழைநீரும் மற்றொன்றில் வீட்டு நீரும் சம அளவில் எடுக்கவும். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கவும். டிடர்ஜென்ட் கடின நீரிலும் நுரைக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டு நீரில் நுரை குறைந்து வெண்கழிவு மிதந்தால் அது கடின நீர்.

2. வீட்டு நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறியபின் வடிகட்டி, மீண்டும் சோதிக்கவும். நுரை நன்கு கூடினால் பெரும்பகுதி தற்காலிகக் கடினத்தன்மை. கூடாவிட்டால் நிரந்தரக் கடினத்தன்மை.

3. நீர் கரித்தால் உப்பும் கலந்துள்ளது.

விற்பனையாளர் காட்டும் டி.டி.எஸ். மானி கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவையே மதிப்பிடும். அதில் எவ்வளவு கடினத்தன்மை, எவ்வளவு உப்பு என்று பிரித்துச் சொல்லாது. சரியான அளவை அறிய நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சோதிக்க வேண்டும்.

எதற்கு எது தீர்வு?

தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் இருந்தால் குடிப்பதற்குக் கொதிக்க வைத்து வடிகட்டினால் போதும். துணி துவைக்கச் சலவை சோடா இரு வகைக் கடினத்தன்மைக்கும் உதவும்.

அயனிப் பரிமாற்ற மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. 300 மி.கி. கடினத்தன்மை நீங்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 138 மி.கி. சோடியம் சேரும். எனவே இந்நீர் குளிக்கவும் துவைக்கவும் ஏற்றது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் குடிக்காமல் இருப்பது நல்லது. கரிக்கும் நீரின் சுவையை இக்கருவி மாற்றாது.

எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறை இரு குறைகளையும் குறைக்கும். ஆனால் கணிசமான நீர் கழிவாகும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்தி, கழிவுநீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். படிகாரமும் தேற்றான் கொட்டையும் கலங்கலைத் தெளிவிக்கும், கடினத்தன்மையை நீக்கா.

மழைநீரும் ஆற்றுநீரும்

செலவு குறைந்த மென்னீர் மழைநீரே. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். கூரை நீரை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் பருப்பு வேகவும் துணி வெளுக்கவும் உதவும்.

தாமிரபரணியின் உபரி வெள்ளத்தை கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளை அருகிலுள்ள எம்.எல். தேரி வரை சுமார் 75 கி.மீ. கொண்டுவரும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இந்த வெள்ளநீர் நிலத்தில் இறங்கினால் நிலத்தடி நீர்மட்டம் உயரும், கரிப்பும் குறைய வாய்ப்புண்டு. ஆயினும் சுண்ணாம்புப் பாறை இருக்கும்வரை அதன் வழியே ஊறிவரும் நீரில் கடினத்தன்மை ஓரளவு இருந்தே தீரும். ஆகவே எந்தக் கருவியையும் வாங்கும் முன், இரண்டு புட்டியும் ஒரு துண்டு சோப்பும் எடுத்து மேற்கண்ட சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது.