தெருவின் கண்கள்

தில்லியில் இராமகிருஷ்ணபுரம், கரோல்பாக், மயூர் விகார் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நீங்கள் அவற்றுள் ஒன்றில் வசிக்கலாம். வேறொரு நகரத்தில் இவற்றைப் போன்ற குடியிருப்பிலும் வசிக்கலாம். எங்கே வசித்தாலும், வீட்டுக் கதவைத் திறந்தவுடன் நீங்கள் கால் வைக்கும் முதல் பொதுவிடம் தெருதான். நீங்கள் இந்தியில் 'கலீ' என்று அழைக்கும் குறுகிய வழியைத் தமிழில் சந்து என்பர். அதனினும் அகன்றது தெரு.

'நம் தெரு பாதுகாப்பானதா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தெருமுனையில் உள்ள இரும்புக் கதவைக் காட்டுவர். கம்பத்தில் பொருத்திய கண்காணிப்புக் கேமராவைச் சிலர் காட்டுவர். இவை பயனற்றவை அல்ல. ஆயினும் தெருவை உண்மையில் காப்பவை வேறு சில உள்ளன. அவற்றை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்; பார்ப்பதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

தில்லித் தெரு ஒன்றின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பால் நிலையத்தின் முன் சிலர் பாத்திரத்துடன் நிற்கின்றனர். செய்தித்தாள் போடுபவர் மிதிவண்டியில் வருகிறார். ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகளும் அவர்களை வழியனுப்புவோரும் கூடுகின்றனர். சற்று நேரத்தில் வேப்பமரத்தடியில் துணி தேய்ப்பவர் தம் மேசையை விரித்து, இஸ்திரிப் பெட்டியில் கரி இடுகிறார். காய்கறி வண்டிக்காரரின் குரல் கேட்டு மாடியில் இருப்போர் எட்டிப் பார்க்கின்றனர். சிலர் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குகின்றனர். குளிர்காலமாயின் பிற்பகல் வெயிலில் பாட்டிமார் கட்டில்களை வெளியே போட்டு, வேர்க்கடலை உரித்தவாறு அமர்ந்திருப்பர். கோடையிலோ அதே பிற்பகலில் 'லூ' என்னும் அனல்காற்று வீசும், ஒருவரையும் காணமுடியாது. மாலையில் விளையாட்டுக் கூச்சல் எழும். இரவு பதினொரு மணிக்கு மேல் காவலாளியின் கைத்தடி ஒலி மட்டும் கேட்கும்.

இவர்களுள் ஊதியம் பெற்றுக் காவல் செய்பவர் இறுதியாகச் சொல்லப்பட்டவர் ஒருவரே. மற்றையோர் தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். ஆனால் துணி தேய்ப்பவர் எட்டு அல்லது பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். புதிய ஆள் ஒருவர் மூன்றாம் முறையாக அதே வீட்டின் முன் நடந்தால் அவர் கண்ணில் படாமல் போகாது. தெருவில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட சிறுவனை முதலில் தூக்குபவரும் பெரும்பாலும் அவரே.

இக்கருத்தை உலகம் கவனிக்கும்படி எழுதியவர் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி. அவர் நியூயார்க் நகரில் வாழ்ந்தார். நகரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1961-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தம் வீட்டுச் சன்னல் வழியே கண்ட நிகழ்ச்சி ஒன்றை அவர் அதில் விவரிக்கிறார். எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஆடவர் தம்முடன் வருமாறு வற்புறுத்திக்கொண்டிருந்தார்; அவளோ சுவரை ஒட்டி நின்று வர மறுத்தாள். தாம் இறங்கிச் செல்லலாமா என்று ஜேக்கப்ஸ் எண்ணும்போதே, எதிரில் இருந்த இறைச்சிக் கடையிலிருந்து கடைக்காரரின் மனைவி வெளியே வந்து நின்றார். வேறு கடைகளிலிருந்தும் ஆட்கள் வந்தனர். மாடிச் சன்னல்கள் திறந்தன. அந்த ஆடவர் அறியாமலேயே அவரைச் சுற்றிப் பலர் காவல் நின்றனர். பிறகு தெரிந்தது, அவர் அச்சிறுமியின் தந்தையே என்று! அவர்களுடைய கவலை வீண்போயிற்று என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால் அவர் தந்தையாக இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணுங்கள். இவ்வாறு தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களையே அவர் தெருவின் கண்கள் என்று குறிப்பிட்டார். தில்லிக் காவல்துறையும் 'கண்களும் காதுகளும்' என்னும் பெயரில் தெரு வணிகர், காவலாளிகள், வண்டி நிறுத்துமிடப் பணியாளர் முதலியோரின் துணையை நாடும் திட்டம் ஒன்றை நடத்தியுள்ளது.

தமிழருக்கு இது புதியதன்று. உங்கள் தாத்தாவின் ஊருக்குச் சென்றிருந்தால், பழைய வீடுகளின் முன்புறத்தில் திண்ணை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அது வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே அமைந்த இடம். வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறலாம்; வீட்டார் அதில் அமர்ந்து தெருவைப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் திண்ணைக்கு இடமில்லை. அந்த வேலையை இங்கே மாடி முகப்புகளும் வேப்பமரத்தடியும் செய்கின்றன.

இரவுக் காவலுக்கும் நம் இலக்கியத்தில் சான்று உண்டு. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் இரவை விவரிக்கும்போது, இடுப்பில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு கரிய உடையில் திரியும் கள்வரைப் பற்றிக் கூறுகிறது. அவர்களைத் தேடி, மழைநீர் தெருவில் திரண்டு ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றிச் சுற்றிவரும் ஊர்க்காவலரைப் பற்றியும் கூறுகிறது. இன்று தில்லியில் அப்பணியைச் செய்பவரை நாம் 'சௌக்கிதார்' என்கிறோம். 'சௌக்கி' என்றால் காவல் நிலை. அவர்களுள் பலர் நேபாளத்திலிருந்து வந்தவர்கள். அவர் ஏன் கைத்தடியைத் தட்டிக்கொண்டும் ஊதலை ஊதிக்கொண்டும் போகிறார்? ஓசை கேட்டால் திருடன் ஒளிந்துகொள்வானே! சிறு வயதில் எனக்கும் இந்த ஐயம் இருந்தது. திருடனைப் பிடிப்பது அவர் நோக்கமன்று. தெரு விழித்திருக்கிறது என்று அறிவிப்பதே நோக்கம். அவர் உறங்கவில்லை என்பதும் வீட்டிலுள்ளோருக்கு அதனால் தெரிகிறது.

இனி இரும்புக் கதவுக்கு வருவோம். பல குடியிருப்புகளில் நான்கு வாயில்கள் இருந்தால் இரவில் மூன்றைப் பூட்டிவிடுகின்றனர். வெளி வாகனங்கள் உட்புகுந்து விரைவதை இது தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் தீயணைப்பு வண்டிக்கும் மருத்துவ ஊர்திக்கும் அதே பூட்டு தடையாகிறது. வண்டி வந்து பூட்டிய வாயிலில் நின்று, சாவி யாரிடம் உள்ளது என்று தேடி, பின்பு மறுபுறம் சுற்றி வரும் நிமிடங்கள் ஓர் உயிரின் விலையாக அமையக்கூடும். ஆகவே இரவில் எந்த வாயில் திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பனவற்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும். காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் 112 என்னும் ஒரே எண் இன்று பயன்படுகிறது. அந்த எண்ணை அறிந்திருப்பது மட்டும் போதாது. செக்டர், பிளாக், வீட்டு எண், அருகிலுள்ள கோயில் அல்லது சந்தை, திறந்துள்ள வாயில் என்று தடுமாறாமல் சொல்லத் தெரியவேண்டும். இந்தியிலும் சொல்லிப் பழகுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

கேமராவைப் பொறுத்தவரை, 2019-ஆம் ஆண்டு முதல் தில்லியின் குடியிருப்புகளில் அரசே அவற்றைப் பெருமளவில் நிறுவியது. நடந்ததைப் பின்னர் அறிய அது உதவும். நடக்கும்போது ஓடிவந்து கையைப் பிடிக்க அதனால் இயலாது.

தெருவில் பிள்ளைகளுக்கு நேரும் இடர் திருடரால் மட்டும் வருவதன்று. பெரும்பாலும் அது சக்கரங்களின்மேல் வருகிறது. இருபுறமும் மகிழுந்துகள் நிறுத்தப்பட்டுள்ள தெருவில் பந்து உருண்டோடுகிறது. அதன் பின்னே நீங்கள் ஓடுகிறீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் கடந்துவிடும். அஃதாவது இரண்டு மகிழுந்துகளின் நீளம்! உங்களைக் கண்டு, கால் தடையை அழுத்த ஓட்டுநருக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதன் பிறகே வண்டியின் வேகம் குறையத் தொடங்கும். அதுமட்டுமன்றி, நின்றிருக்கும் உயரமான வண்டிக்குப் பின்னால் நீங்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. எனவே நின்றிருக்கும் வண்டியின் விளிம்புவரை வந்து, நின்று, எட்டிப் பார்த்த பின்பே தெருவில் இறங்குதல் வேண்டும். பந்து போனால் போகட்டும்.

இன்னொன்று. பதினெட்டு வயது நிரம்பாத அண்ணன்மார் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குள் சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'வெளிச்சாலைக்குப் போகவில்லையே' என்பது அவர்கள் கூறும் சமாதானம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவியவரை வழக்கில் சிக்கவைக்கக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் இடம்பெற்றுள்ளது. உதவினால் தொல்லை வரும் என்று அஞ்சி ஒதுங்குவோருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

தெருநாய்களைப் பற்றியும் ஒரு சொல். காதின் நுனியில் சிறு வெட்டு உள்ள நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டுள்ளது என்று பொருள். ஆயினும் உண்ணும் நாயையும் குட்டியுடன் உள்ள நாயையும் நெருங்காதீர்கள், துரத்தினால் ஓடாதீர்கள். கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். திட்டுவார்களோ என்று வீட்டில் மறைத்தல் கூடவே கூடாது. வெறிநாய்க்கடி நோய் தோன்றிய பின் அதிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது.

இப்போது ஒரு கடினமான வினா. ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூட்டம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். 'திருட்டுப் பயம் மிகுந்துவிட்டது. துணி தேய்ப்பவரையும் காய்கறி வண்டிகளையும் வெளியேற்றுவோம். தெரு தூய்மையாகவும் இருக்கும்' என்று ஒருவர் கூறுகிறார். பலர் தலையசைக்கின்றனர். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஆனால் மேசையை எடுத்துவிட்டால், நண்பகலில் அத்தெருவில் எஞ்சியிருப்பவர் யார்? அனல் வீசும் மே மாதத்தில், எல்லாச் சன்னல்களும் அடைத்திருக்கும் வேளையில், மரத்தடியில் நின்ற அந்த ஒரு கண்ணும் மூடிவிடும். பாதுகாப்புக்காகச் செய்த செயல் பாதுகாப்பையே குறைத்துவிடுகிறது. மேலும் அவருடைய பிழைப்பு சங்கத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. பாதையோர வணிகரைக் காப்பதற்கென்றே 2014-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வணிகருக்குச் சான்றிதழ் வழங்கவும், இடமாற்றம் செய்வதாயின் 30 நாள் முன்னறிவிப்புத் தரவும் அது வழி வகுக்கிறது. நகர வணிகக் குழுவில் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாமல் வணிகரின் பிரதிநிதிகள் இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது.

பார்க்கும் கண்கள் எல்லாம் நல்ல கண்கள் என்று நான் சொல்லமாட்டேன். அறிந்துகொள்ளப் பார்ப்பது வேறு. ஐயுற்றுப் பார்ப்பது வேறு. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை ஒவ்வொரு நாளும் வாயிலில் நிறுத்தி வினவுவதும், உடையையும் மொழியையும் கொண்டு ஒருவரைக் கள்வர் என்று முடிவு செய்வதும் காவல் ஆகா. உங்கள் தாத்தா முதன்முதலாகத் தில்லி இரயில் நிலையத்தில் இறங்கி, இந்தி தெரியாமல், கையில் ஒரு முகவரியுடன் தெருத்தெருவாக அலைந்திருக்கலாம். அன்று அவரே அந்தத் தெருவின் அயலார். யாரோ ஒருவர் வழிகாட்டியதால்தான் அவர் வீடு சேர்ந்தார்.

அதுபோலவே, பழகிய முகம் என்பதற்காக மட்டும் எவருடனும் தனியே செல்லுதல் கூடாது. அவர் அண்டை வீட்டாராயினும் சரி, உறவினராயினும் சரி, உங்களுக்கு மனம் ஒப்பாத எதையும் செய்யச் சொன்னால் மறுத்துவிட்டு, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுங்கள். பிள்ளைகளுக்கென்றே 1098 என்னும் உதவி எண்ணும் உள்ளது.

இப்பாடத்தை ஒட்டி நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தாளில் உங்கள் தெருவை வரையுங்கள். வாயில்களைக் குறித்து, இரவில் திறந்திருப்பதற்கு வட்டமிடுங்கள். எரியாத விளக்குக் கம்பத்தையும் மூடியில்லாத சாக்கடையையும் குறியுங்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடத்தில் மின்கம்பம் இருந்தால் அதற்குச் சிவப்பு நிறமிடுங்கள். அதைத் தொடக்கூடாது என்று தம்பி தங்கையரிடம் சொல்லுங்கள். பிறகு காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் தெருவில் யார் யார் இருக்கின்றனர் என்று எண்ணி எழுதுங்கள். நாள்தோறும் 'பையா' என்று அழைக்கும் அந்தத் துணி தேய்ப்பவரின் பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அவரிடமே கேட்டு, மரத்தடியில் அப்பெயரைத் தமிழில் எழுதுங்கள்.