பீப்பாய்க்கும் பரீக்ஷை

துறைமுகத்துப் பக்கம் போகும் நேயர்கள், திராவகம் நிரப்பிய பீப்பாய்களின் மேல் ஒரு வட்டத்துக்குள் ‘யு’, ‘என்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கக் கண்டிருக்கலாம். ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 1956-ல் முதலில் வெளியிட்டுப் பின்னர் விரித்துக்கொண்டே வந்திருக்கும் விதிகளின்படி, அந்த வகைப் பீப்பாய் பரீக்ஷையில் தேறியதற்கு அதுவே அத்தாட்சி.

பரீக்ஷை லேசானதன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு திரவம் நிரப்பி, கெட்டியான தளத்தின்மேல் வேண்டுமென்றே போடுகிறார்கள். கொடிய சரக்குக்கென்றால் 1.8 மீட்டர் உயரத்திலிருந்து, நடுத்தரத்துக்கு 1.2, சற்றே ஸாதுவானதற்கு 0.8. மூன்று பீப்பாய்களை விளிம்பு மோதும்படி போட்டபின், வேறு மூன்றை, எந்த இடம் பலவீனமோ அந்த இடத்திலேயே அடிபடும்படி போடுகிறார்கள். மாணாக்கன் படிக்காத பாடத்தையே தேடிக் கேள்வி கேட்கும் பரீக்ஷகர்களை நான் அறிவேன். இவர்கள் அந்த ஜாதி! பிளாஸ்டிக் பீப்பாயானால் முன்னதாகப் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டும். குளிரில் அது எளிதில் நொறுங்கும் அல்லவா? அதே பீப்பாய் 40 டிகிரி உஷ்ணத்தில் 28 நாட்கள் பாரம் சுமக்கவும் வேண்டும்.

ஆனால் முத்திரை பீப்பாய்க்குத்தான். அனுப்புகிறவனின் சொல்லுக்கு அன்று. 1996 மே 11-ந் தேதி, அமெரிக்காவின் மியாமியிலிருந்து கிளம்பிய வாலுஜெட் விமானம் தீப்பற்றிச் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் மாண்டனர். சரக்கறையில் அட்டைப் பெட்டிகளில் பிராணவாயுவை உண்டாக்கும் கருவிகள் இருந்தன. சரக்குச் சீட்டு ‘காலி’ என்றது. அவற்றுக்குரிய பாதுகாப்பு மூடிகளைக்கூட எவரும் பொருத்தியிருக்கவில்லை.